பொன்னாடைக்குப் போன கோரை

முள்ளம்பன்றியும் கீரியும் தூக்கணாங்குருவியும் சேர்ந்து, காட்டுக் குளம் ஒன்றின் கரையில் வாசிப்பு வட்டம் தொடங்கின. சுற்றுலா வந்த மனிதர்கள் விட்டுவிட்டுப் போன ஒரு தடித்த புத்தகம் அவற்றுக்குக் கிடைத்திருந்தது. குளம் குட்டைகளைக் காப்பாற்றுவது எப்படி என்று சொல்லும் புத்தகம். மனிதர்கள் அதைப் படித்தார்களோ இல்லையோ, அதன்மேல் வடை வைத்துத் தின்றிருந்தார்கள். எண்ணெய்க் கறை நன்றாகத் தெரிந்தது.

முள்ளம்பன்றி தலைவர். கீரி செயலாளர். முயல்களும் குரங்குகளும் ஓர் உடும்பும் உறுப்பினர்கள். வெள்ளிக்கிழமை மாலைதோறும் ஓர் அத்தியாயம் படிப்பார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாசிப்பு, கருத்துரை, நன்றியுரை என்று எல்லாம் முறைப்படி நடக்கும். பேசுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை உண்டு.

காட்டில் பொன்னாடைக்கு எங்கே போவது? குளக்கரையில் கோரைப்புல் அடர்ந்து வளர்ந்திருந்தது. கீரி அதைப் பறித்துக் கொடுக்கும். தூக்கணாங்குருவி ஆடையாக நெய்யும்.

"மேலாகக் கிள்ளாதே! கூட்டம் முடிவதற்குள் வாடிவிடுகிறது. தலைவர் தோளில் வாடிய ஆடையா? வேரோடு பிடுங்கு!" என்றது குருவி.

கீரி வேரோடு பிடுங்கியது. தலைவருக்குப் போர்த்தும் ஆடை முள்ளில் சிக்கி உடனே கிழிந்துவிடும். ஆகவே அவருக்கு மட்டும் எப்போதும் இரண்டு!

கரையை ஒட்டிய தண்ணீரில் ஒரு விரால் மீன் குஞ்சுகளோடு இருந்தது. செக்கச்செவேல் என்று குஞ்சுகள் கூட்டமாக நீந்தும். தாய் விரால் அடியில் நின்று காவல் காக்கும்.

ஆறாவது வெள்ளிக்கிழமை. குஞ்சுகள் நீந்தாமலே கரைப்பக்கம் நகர்வதை விரால் கண்டது. பதறிப்போய்ப் பார்த்தது. கோரை பிடுங்கிய குழி ஒன்றின் வழியாகத் தண்ணீர் கசிந்து, கரைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

விரால் தலையைத் தூக்கியது. மேலே ஆறாவது அத்தியாயம் நடந்துகொண்டிருந்தது.

"கரை மண்ணைப் பிடித்து நிறுத்துவது புல்லின் வேரே!" என்று உடும்பு உரக்கப் படித்தது. "ஆகா! என்ன கருத்து!" என்று முயல்கள் கண் கலங்கின. உடும்புக்கு மூன்று கோரைப் பொன்னாடைகள் போர்த்தினார்கள்.

"ஐயா தலைவரே! கரை கசிகிறது! என் குஞ்சுகளை இழுக்கிறது!" என்று விரால் கத்தியது.

முள்ளம்பன்றி தொண்டையைச் செருமிக்கொண்டது. "அம்மா, பார்வையாளர்கள் நன்றியுரைக்குப் பிறகுதான் பேசலாம்."

விரால் நன்றியுரைவரை காத்திருந்தது. அது முடிய வெகுநேரம் ஆயிற்று. கீரி நன்றி சொல்வதற்கு ஒரு காக்கையைக்கூட விட்டுவைக்கவில்லை.

"கரை கசிகிறது!" என்றது விரால் மறுபடியும்.

"கசிவு பதினோராவது அத்தியாயத்தில் வருகிறது. நாம் ஆறில் இருக்கிறோம். இன்னும் ஐந்து வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்!" என்றது கீரி.

"தண்ணீருக்கு அத்தியாயம் தெரியுமா, தம்பி?"

"வட்டத்துக்கு என்று ஒரு முறை இருக்கிறது அல்லவா, அம்மா? வேண்டுமானால் கண்டனத் தீர்மானம் போடுகிறோம்."

"யாரைக் கண்டித்து?"

"அதை முடிவுசெய்ய ஒரு குழு போடுகிறோம்!"

குழு போட்டார்கள். குழுவுக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அதற்கும் கீரி நான்கு கட்டுக் கோரை பிடுங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை வரவேற்புரை தொடங்கிய நேரத்தில், கரை வாய் திறந்துகொண்டது. பானை அளவுக்கு ஓட்டை! தண்ணீர் இரைச்சலோடு வெளியே பாய்ந்தது. குஞ்சுகள் சுழன்று சுழன்று அதற்குள் போயின. விரால் குறுக்கே பாய்ந்து நின்றது. அதன் உடம்புக்கு மேலேயும் கீழேயும் குஞ்சுகள் நழுவிப் போயின.

"போகிறார்களே! என் பிள்ளைகள் போகிறார்களே!"

கூட்டம் எழுந்து நின்றது. "இதைக் குறிப்பேட்டில் எழுதலாமா?" என்று ஒரு குரங்கு கேட்டது.

தூக்கணாங்குருவியின் அலகில் பாதி நெய்த ஆடை தொங்கியது. அதன் நுனியில் வேர். வேரில் கரையின் ஈரமண். குருவி அதைப் பார்த்தது, ஓட்டையைப் பார்த்தது. ஆடை கீழே விழுந்தது.

"நாம்தான்! கரையைப் பறித்து நாமே போர்த்திக்கொண்டோம்!" என்று அது அலறியது. "தலைவரே, உட்காருங்கள்!"

"எங்கே?"

"ஓட்டையில்!"

"நானா? தலைவர் போய் ஓட்டையிலா?"

"இங்கே உங்களைவிடப் பருத்தவர் யார் இருக்கிறார்? உட்காருங்கள் ஐயா!" என்று கத்திக்கொண்டே குருவி அதன் மூக்கில் கொத்தியது. வலி தாங்காமல் பின்வாங்கிய முள்ளம்பன்றி சறுக்கிப் போய், பின்புறத்தால் ஓட்டையை அடைத்துக்கொண்டது. முட்கள் இரண்டு பக்க மண்ணிலும் குத்தி நின்றன. இனி நினைத்தாலும் நகர முடியாது!

"ஐயோ, குளிர்கிறதே!" என்றது முள்ளம்பன்றி.

"அசையாதீர்கள்!" என்றது விரால்.

உடும்பு மண் பறித்தது. குரங்குகள் கல் சுமந்தன. முயல்கள் காலால் மிதித்து இறுக்கின. பொழுது சாய்கிற நேரத்தில் கரை அடைபட்டது. தலைவரை நான்கு குரங்குகள் பிடித்து இழுத்து எடுத்தன. அவருடைய முட்களில் பத்துப் பன்னிரண்டு கரையிலேயே தங்கிவிட்டன.

கீரி பழக்கத்தில் எழுந்து நின்றது. "இந்த இனிய மாலைப் பொழுதிலே..."

"நன்றி கிடக்கட்டும்! இன்னும் ரெண்டு கூடை மண் கொண்டு வா!" என்றது விரால்.

வெளியே போன குஞ்சுகள் திரும்பவில்லை. பாறைமேல் துடித்தவற்றை மைனாக்கள் கொத்திக்கொண்டு போய்விட்டன. மீந்த குஞ்சுகளை முதுகுக்கு மேலே திரட்டிக்கொண்டு, விரால் ஆழத்துக்குப் போயிற்று.

அதற்குப் பிறகும் வட்டம் கூடியது. ஆனால் ஆளுக்கு ஒரு கோரைத் தூரைக் கரையில் நட்ட பிறகே புத்தகம் திறந்தார்கள்.

"நட்டவர்களுக்கு ஒரு சின்னத் துண்டாவது..." என்று முள்ளம்பன்றி மெல்லக் கேட்டுப் பார்த்தது.

"நெய்வதை விட்டுவிட்டேன், தலைவரே. இனிமேல் கூடு மட்டும்தான் கட்டுவேன்!" என்றது குருவி.

படித்ததைக் கையால் செய்யாத கூட்டம், எதைக் காப்பதற்காகக் கூடியதோ அதையே முதலில் அழித்துவிடும்.