தலைமாட்டில் ஒரு ஜன்னல்

இது நான் நேரில் பார்த்ததல்ல. தூத்துக்குடியில் ஒரு படகுப் பட்டறையில் பாய் தைக்கும் லூர்தம்மாள் சொல்லிக் கேட்டது. அவருக்கே சந்தேகம் இருந்த இடங்களை விட்டுவிட்டேன்.

அந்தப் பட்டறையில் வெரோனிக்கா என்பவர் பாய்மரப் படகுகளை வடிவமைத்து வந்தார். கணவரும் அவருமாகப் பல ஆண்டுகள் படகிலேயே குடியிருந்து பெருங்கடல்களைக் கடந்தவர்கள். கணவர் இறந்த பிறகு அவர் அந்தப் படகைத் தண்ணீரில் இறக்கவே இல்லை.

அவரிடம் சிதம்பரநாதன் வந்தார். கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெரோனிக்காவைவிட மூத்தவர்.

"அம்மா, நானும் என் மனைவியும் கடல்லயே குடியிருக்கணும். அதுக்கு எப்படிப் படகு வரையறதுன்னு சொல்லிக்குடுங்க."

"யாருக்கு ஆசை?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"இதைக் கேட்கணுமா? கல்யாணம் ஆனதிலிருந்து நான் கப்பல்ல, அவ வீட்டுல. இனிமேலாவது ஒண்ணா இருப்போம்னா வேண்டாம்னா சொல்லுவா?"



"வரைஞ்சு கொண்டுவாங்க" என்றார் வெரோனிக்கா.

கொண்டுவந்தார். படகின் முன்பகுதியில் இரண்டு பேர் படுக்க அகலமான கட்டில்.

வெரோனிக்கா ஒரு ப்ளைவுட் பலகையை எடுத்து, ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்துப் போட்டார்.

"படுங்க சார்."

படுத்தார். உருண்டு தரையில் விழுந்தார். லூர்தம்மாள் பாய்க்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"காத்து ஒரு பக்கமா அடிச்சா, படகு நாள்கணக்கா இப்படித்தான் போகும்" என்றார் வெரோனிக்கா.

மறுமுறை, சிதம்பரநாதன் படகின் நடுவில் ஒடுக்கமான படுக்கைகள் வரைந்திருந்தார். விழாமல் இருக்கப் பக்கவாட்டில் துணித் தடுப்பு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

வெரோனிக்கா ஒன்றை அழித்தார்.

"எதுக்கும்மா?"

"ஒருத்தர் தூங்கும்போது ஒருத்தர் சுக்கான் பிடிக்கணும். நடுக்கடல்ல ரெண்டு பேரும் தூங்கிட்டா எதிர்ல வர்ற கப்பலை யாரு பார்க்கறது?"

"சரியான கணக்கு" என்றார் சிதம்பரநாதன். கப்பலில் வேலை பார்த்தவர். அவருக்கு அதில் வருத்தப்பட எதுவும் தெரியவில்லை.

மரம் அறுப்பதற்கு முன்னால், படகின் முழு அளவையும் தரையில் சாக்கட்டியால் வரைந்து, குடியிருக்கப் போகிறவர்களை அதற்குள் நடக்கவிட்டுப் பார்ப்பது அந்தப் பட்டறை வழக்கம். சிதம்பரநாதன் மனைவி பூங்கோதையை அழைத்துவந்தார்.

பூங்கோதை செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"அடுப்பு?"

"இங்கே."

"படுக்கை?"

"இதோ."

"உங்களுக்கு?"

"இதேதான். நான் எழுந்ததும் நீ படுப்பே. நீ எழுந்ததும் நான்."

பூங்கோதை அந்தக் கோடுகளுக்கு நடுவில் நின்றார்.

"அப்ப நாம எப்பப் பேசுவோம்?"

"ஆள் மாறும்போது."

"இத்தனை வருஷமும் நீங்க லீவுல வருவீங்க, நான் கதவைத் திறப்பேன். இப்ப உங்ககூடக் கடலுக்கே வந்தாலும் எனக்கு நைட் ஷிப்டா?"

லூர்தம்மாள் சிரிக்கவில்லை.

பூங்கோதை வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எப்பவும்போல நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டுல இருக்கேன்."

சிதம்பரநாதன் சாக்கட்டிக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெரோனிக்காவிடம் திரும்பினார்.

"எங்கம்மா தப்பு பண்ணினேன்? கணக்கெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

வெரோனிக்கா ரம்பத்தை எடுத்தார். அந்த ப்ளைவுட் பலகையில் ஒரு முகம் தெரியும் அளவுக்குச் சதுரமாக ஓர் ஓட்டை அறுத்தார். சுக்கான் பிடிக்கும் இடத்துக்கும் படுக்கைக்கும் நடுவே சுவர் வரவேண்டிய கோட்டில் பலகையை நிறுத்தினார்.

"சார், நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க. அக்கா, கொஞ்சம் வந்து படுத்துப் பாருங்க."

சிதம்பரநாதன் பதறினார்.

"அந்தச் சுவர்லயா ஓட்டை? நேரா அலை வந்து அடிக்கிற இடம்மா! தண்ணி உள்ள வரும்."

"நானும் அதையேதான் சொன்னேன்" என்றார் வெரோனிக்கா.

"யார்கிட்ட?"

"என் வீட்டுக்காரர் கேட்டார். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால கேட்டார். சின்னதா ஒரு கண்ணாடி ஜன்னல் போதும்னு. நான் போடவிடலை."

"அப்புறம்?"

"கடைசிவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரலை."



சிதம்பரநாதன் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். பூங்கோதை மறுபடி செருப்பைக் கழற்றினார். தரையில் படுத்து, அந்தச் சதுரம் வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"நாளையிலிருந்து ஒழுங்கா ஷேவ் பண்ணிட்டு உட்காருங்க" என்றார்.

லூர்தம்மாள் சொன்னது இவ்வளவுதான்.

எனக்கு மனம் கேட்கவில்லை. வெரோனிக்காவிடம் அனுமதி கேட்டு, பட்டறைக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த அவருடைய படகில் ஏறிப் பார்த்தேன். ஒரே ஒரு ஒடுக்கமான படுக்கை. அதன் தலைமாட்டில் பித்தளைச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது.

கதை பொய்யோ என்று முதலில் நினைத்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். படகில் இருந்த மற்ற பித்தளைத் திருகாணிகள் எல்லாம் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தன. அந்த ஜன்னலின் திருகாணிகள் மட்டும் புதிதாக இருந்தன.