தனித்தனியா வந்த பார்சல்

"கெமிக்கல் மோசமுங்க டீச்சர்" அப்படின்னாரு சென்னியப்பன்.

சொல்லிட்டு, சுருட்டிக் கொண்டாந்த ஃபிலிமை டேபிள் மேல விரிச்சாரு. முழு ரோலு. ஒரு படம் இல்ல. கழுவித் தொடச்ச கண்ணாடியாட்டம் அந்தப் பக்கம் தெரியுது.

ஃப்ளோரா டீச்சர் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாங்க.

"கெமிக்கல் நல்லாத்தான் சார் இருக்குது."

"அப்புறம் ஏனுங்க படம் வரல?"

"ஓரத்துல நம்பர் வந்திருக்குது பாருங்க. ஃபிலிம் கம்பெனிக்காரன் போட்டது. கெமிக்கல் கெட்டிருந்தா அதுவும் வந்திருக்காது."

சென்னியப்பன் கண்ணாடியைக் கழட்டிட்டு ஃபிலிமை மூக்குக்குக் கிட்ட வெச்சுப் பாத்தாரு. நம்பர் இருந்துச்சு. நம்பர் மட்டும்தான் இருந்துச்சு.

"அப்பக் கேமராதான் மோசம். பரவால்லீங்க. கல்கத்தாவுல ஒருத்தர் இன்னொண்ணு விக்கறாரு. பாத்து வெச்சிருக்கேன்."



போத்தனூர்ல ரயில் லைனை ஒட்டுன டீச்சர் வீடு அது. பின்னாடி ரூமை இருட்டாக்கி, அதுல ஃபிலிம் கழுவவும் பிரிண்ட் போடவும் சொல்லித் தர்றாங்க. கத்துக்க வர்றதெல்லாம் காலேஜ் முடிச்ச புள்ளைங்க. டீச்சருக்கே வயசு முப்பத்தஞ்சு தாண்டல. சென்னியப்பன் ஒருத்தருதான் ரிட்டையர் ஆனவரு. புள்ளைங்க அவரை அங்கிள்னு கூப்பிட்டு, மரியாதையா ஒரு சேரைத் தள்ளிப் போட்டுட்டு, அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க.

அவரு கணபதி ஏரியாவுல ஒரு பம்ப்செட் கம்பெனியில மோட்டாருக்குக் காயில் சுத்திட்டு இருந்தவரு. ரிட்டையர் ஆனதும் சம்சாரம் பேரனைப் பாத்துக்க பூனாவுக்கு, மக வீட்டுக்குப் போச்சு. பேரன் வளந்துட்டே இருக்கான். அந்தம்மா திரும்பி வந்த பாடில்ல.

வீடு காலியாக் கெடந்துச்சு. அப்புறந்தான் சென்னியப்பன் ஃபோட்டோ சாமான் வாங்க ஆரம்பிச்சாரு. இப்ப உள்ள நடக்க வழியில்ல.

பிரிண்ட் போடறதுக்காகப் பெட்ரூம்ல செவப்பு பல்பு மாட்டுன அன்னைக்கு வீடியோ கால்ல சம்சாரம் பாத்துட்டு, "என்னுங்க, வீடு தீப்புடிச்சுருச்சா?"ன்னு கேட்டுச்சு. எதிர்வீட்டுக்காரங்க அதுகூடக் கேக்கல. பார்வையை மட்டும் மாத்திக்கிட்டாங்க. விளக்கம் சொல்ல சென்னியப்பன் தயாராத்தான் இருந்தாரு. கேட்டாத்தானே சொல்றதுக்கு.

"இதுவரைக்கும் என்னதான் சார் வாங்குனீங்க?"ன்னாங்க டீச்சர்.

"கேமரா. படம் பெருசு பண்ற மிஷின், அது ஈரோட்டுல ஒரு ஸ்டுடியோவுல. அப்புறம் இந்த ட்ரே, டேங்க்கு, டைமரு, பேப்பரைப் புடிக்கற இடுக்கி... அதெல்லாம் பெங்களூர்ல ஒரே கடைங்க. கடைக்காரர் நல்ல மனுசன். எல்லாத்தையும் ஒரே பொட்டியில போட்டு அனுப்பறேன், உங்களுக்கு கொரியர் சார்ஜு மிச்சம்னாரு. நாந்தான் தனித்தனியா அனுப்புங்கன்னேன்."

"ஏன்?"

சென்னியப்பன் மேல ஃபேனைப் பாத்தாரு.

"உடைஞ்சுருமுங்களே."

"இடுக்கியுமா?"

"இடுக்கியை ஒவ்வொண்ணா அனுப்பச் சொன்னேனுங்க."

ஒரு ரயில் வந்துச்சு. டேபிள் மேல ஃபிலிம் கிடுகிடுன்னு ஆடுச்சு. அது போற வரைக்கும் டீச்சர் காத்திருந்தாங்க.

"இந்த ரோல்ல யாரை எடுத்தீங்க?"

"கொரியர்காரரை."

"அப்புறம்?"

"அப்புறமும் அவரைத்தான். ரோலு பூரா அவருதானுங்க. வர்றப்பெல்லாம் ரெண்டு மூணு எடுப்பேன். ஹெல்மெட்டோட ஒண்ணு, கழட்டிட்டு ஒண்ணு. மோர் குடிக்கறப்ப ஒண்ணு. எங்க தெரு நாயி என்னையே பாத்துக் கொரைக்கும், அவரு வண்டியைப் பாத்தா வாலாட்டும். அவரு அதோட தலையைத் தடவுனாரு பாருங்க, அது ரொம்ப நல்லா வந்திருந்துச்சு."

"வந்திருந்துச்சா?"

"எடுக்கறப்ப வந்திருந்துச்சுங்க."

டீச்சர் சிரிக்கல. சென்னியப்பனும் சிரிக்கல.

"சனிக்கிழமையோட அவருக்கு எங்க ஏரியா முடியுதுங்க. திருப்பூருக்கு மாத்திட்டாங்களாம். போறதுக்குள்ள ஒரு படம் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டித் தர்றேன்னு சொல்லிப்போட்டேன். வீட்ல மாட்டி வெக்கறேன் சார்னு அவரும் சொன்னாரு. அதுக்குன்னே நேத்து உக்காந்து கழுவுனேன். கொடியில தொங்கவிட்டுப் பாத்தா, ஆளையே காணோம்."

டீச்சர் டிராயர்ல இருந்து வீணாப்போன ஃபிலிம் ரோல் ஒண்ணை எடுத்து நீட்டுனாங்க.

"உங்க கேமராவுல இதைப் போடுங்க."

சென்னியப்பன் பையில இருந்து கேமராவை எடுத்தாரு. வேலை செஞ்ச கை. நடுக்கமில்ல. ரோலைக் குழியில வெச்சாரு, ஃபிலிம் நாக்கை இழுத்து அந்தப் பக்கத்து உருளை மேல படுக்க வெச்சாரு, மூடியைச் சாத்துனாரு. லீவரைத் தள்ளிப் பட்டனை அமுக்குனாரு. டக். தள்ளுனாரு, அமுக்குனாரு. டக். மேல சின்னக் கண்ணாடிக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் நகந்துச்சு.

"பாத்தீங்களா, ஓடுதுங்களே!"

டீச்சர் கேமராவோட இடதுபக்கத் திருகு மேல விரலை வெச்சுக் காட்டுனாங்க.

"ஃபிலிம் நகந்தா இதுவும் கூடச் சுத்தணும். இப்பத் தள்ளுங்க."

தள்ளுனாரு.

"இது சுத்துச்சா?"

"இல்லீங்க."

"இன்னொருக்கா."

திருகு அப்படியே நின்னுச்சு.

டீச்சர் மூடியைத் திறந்தாங்க. நாக்கு உருளையில மாட்டவேயில்ல. படுக்க வெச்ச எடத்துலயே படுத்துக் கெடந்துச்சு.



"நம்பர் நகந்துச்சுங்களே டீச்சர்."

"அது உங்க கை தள்றதை எண்ணுது சார். ஃபிலிம் கூட வருதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது."

சென்னியப்பன் ஃபிலிம் நாக்கை வெரலால தூக்கிப் பாத்தாரு.

"ரோலு முடிஞ்சதும் திருப்பிச் சுத்துனீங்கல்ல, இறுக்கமா இருந்துச்சா?"

"வெண்ணெயாட்டம் சுத்துச்சுங்க. நல்ல கேமரான்னு சந்தோசப்பட்டேன்."

இதைச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. கொஞ்ச நேரம் தனியாச் சிரிச்சாரு.

"ஆயுசு பூரா செப்புக்கம்பி சுத்துனவனுங்க நானு. ஒரு சுத்து வழுக்குனா கை சொல்லிப்போடும்."

"அந்தக் கம்பி உங்க வெரல் வழியாப் போச்சு, சொல்லுச்சு. இதை நீங்கதான் பாக்கணும்."

சென்னியப்பன் சட்டைப் பையில இருந்து ஃபோனை எடுத்தாரு. மூஞ்சியில தெளிவு வந்துருச்சு.

"ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. இன்னைக்கு வியாழன்தானே? இப்பவே ஒரு இடுக்கி ஆர்டர் போட்டா சனிக்கிழமைக்குக் கொண்டாந்துருவாரு. வாசல்ல நிக்க வெச்சு எடுத்துக்கறேன். திருகைப் பாத்துப் பாத்து எடுக்கறேன்."

டீச்சர் ஃபோன் மேல உள்ளங்கையை வெச்சு மூடுனாங்க.

"ஆர்டர் போடாமக் கூப்பிட்டா வரமாட்டாரா?"

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறதுங்க? அவரு எனக்கு மாமனா மச்சானா?"

"நம்பர் இருக்குதா?"

"அது இருக்குதுங்க. வர்றதுக்கு முந்தி கூப்பிடுவாரே. சென்னியப்பன் சாருங்களா, வீட்ல இருக்கறீங்களான்னு." கொரியர்காரர் குரல்லயே சொல்லிக் காட்டுனாரு. "எங்க ரோட்டுல என் பேரை முழுசாச் சொல்ற ஒரே ஆளு."

"அவரு பேரு என்ன சார்?"





சென்னியப்பன் டீச்சர் கைக்கு அடியில இருந்து ஃபோனை மெதுவா உருவி, தள்ளித் தள்ளித் தேடுனாரு. கண்டுபுடிச்சாரு. 'கொரியர்'னு போட்டிருந்துச்சு.

தலையை நிமுத்துனப்ப டீச்சர் சேர்ல இல்ல. இருட்டு ரூமுக்குள்ள போயிட்டாங்க. உள்ள தாப்பாப் போடற சத்தம் கேட்டுச்சு, கதவுக்கு மேல செவப்பு லைட் எரிஞ்சுச்சு. அது எரியறப்ப யாரும் கதவைத் தட்டக்கூடாது. முத நாளு வகுப்புல சொல்லித் தர்றதே அதுதான்.

சென்னியப்பன் கொஞ்ச நேரம் கதவைப் பாத்தாரு. கேமராவோட மூடியைச் சாத்தலாமா வேண்டாமான்னு யோசிச்சு, திறந்தபடியே விட்டுட்டாரு. ஃபோனைத் துண்டுல ஒருக்காத் தொடச்சாரு. தொடைக்க வேண்டிய அவசியமே இல்ல.

அமுக்குனாரு.

"சொல்லுங்க சென்னியப்பன் சார்!" ரோட்டுச் சத்தத்துக்கு நடுவுல அந்தக் குரல் கேட்டுச்சு. "இன்னைக்கு உங்களுக்குப் பார்சல் ஒண்ணும் காட்டலீங்களே?"

"பார்சலுக்கு இல்லீங்க."

"அப்புறம் சொல்லுங்க சார்."



"உங்க பேரு என்னுங்க?"

அந்தப் பக்கம் வண்டி ஓரங்கட்டி நின்னுச்சு. எஞ்சினை அணைச்சது இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு.

"ஏனுங்க சார்," குரல் எறங்கிப்போச்சு, "எம்மேல ஏதாச்சும் கம்ப்ளைண்டுங்களா?"