அவுகபட்டிக்கு வழி

ஒரு சீமையில ஒரு ராசா இருந்தாராம். அந்தச் சீமையில எல்லார் கையிலயும் செல்போன் இருந்துச்சாம், ஆனா போனைப் பாக்காம அடுத்த தெருவுக்குப் போக ஒருத்தருக்கும் வழி தெரியாதாம். ராசாவுக்கும்தான்! ம் கொட்டுங்கடி, அப்பத்தான் கதை நகரும்.

அங்க மொக்கச்சாமின்னு ஒருத்தன் சின்னதா மேப்பு கம்பெனி வச்சிருந்தான். வெயில்ல நடந்தான், மழையில நடந்தான், பனியில நடந்தான், ஊர் ஊராப் போயி "இது என்ன ஊரு தாயி"ன்னு கேட்டுக் கேட்டு மூணு வருசத்துல மேப்பு போட்டு முடிச்சான். குபேந்திரன்னு இன்னொருத்தன், அவனுக்கும் மேப்பு கம்பெனிதான், ஆனா பெரிய கம்பெனி. அவன் ஏசி ரூமை விட்டு எந்திரிக்கவே இல்ல. மொக்கச்சாமி மேப்பை அப்படியே வழிச்செடுத்துத் தன் பேருல போட்டுக்கிட்டான்.

அப்புறம் என்னாச்சு, ரெண்டு பேரும் ராசா முன்னால போயி நின்னு "அவன்தான் திருடன்", "இல்ல, அவன்தான் திருடன்"னு கத்துறாங்க. ராசா உத்து உத்துப் பாத்தாரு, ரெண்டு மேப்பும் அச்சு அசலா ஒண்ணு. "திருடுனது யாருன்னு தெரியட்டும், அவன் கம்பெனிய இன்னைக்கே மூடணும்"னாரு. பெரிய கம்பெனிக்காரன் பேச்சுதானே எடுபடும்?

அந்த நேரம் பாத்து சின்னப்பேச்சின்னு ஒரு பொம்பள அழுதுக்கிட்டே உள்ள வந்தா. "மகாராசா! எம்மகளுக்குப் பரிசம் போட வந்தவுக, ஊரையே காணோம்னு திரும்பிட்டாக. எங்க ஊரை எந்தப் படுபாவியோ போன்ல அவுகபட்டின்னு போட்டிருக்கான்!"

மொக்கச்சாமிக்குப் பகீர்ன்னுச்சு. அவன் எழுதுன பேருதான் அது. செத்தோம்டான்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"அந்த ஊருக்கு நேர்ல போனது யாரு?"ன்னாரு ராசா.

குபேந்திரன் முந்திக்கிட்டான். "நான்தான் மகாராசா! பேருல தப்பே இல்ல. அவுகன்னு ஒரு மாவீரன் ஆண்ட ஊரு. அவன் சமாதியக்கூடக் கும்பிட்டுட்டு வந்தேன்!"

சின்னப்பேச்சி மாருல அடிச்சுக்கிட்டா. "அடப்பாவி! கல்லாட்டம் உசுரோட இருக்காக, சமாதிங்குறானே!"

"யாரும்மா?"

"அவுகதான்!"

"அவுகன்னா யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரரு! பாலு என்ன நெறம் மகாராசா?"

"வெள்ளை."

"அதுக்குப் பின்னால ஒரு 'யன்' போட்டா அவுக பேரு. அப்புறம் ஒரு 'பட்டி' போட்டா ஊரு பேரு. செருப்புத் தேஞ்சுபோயி இந்தா நிக்கிறாரே, இவருதான் வந்து ஊரு பேரு கேட்டாரு. புருசன் பேரை வாயால சொல்லலாமா? அதான் அவுக பட்டின்னேன். அந்தப் பொய்க்காரன் மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்குறேன்."

வெள்ளையன்பட்டி! ராசா விழுந்து விழுந்து சிரிச்சாரு, மொக்கச்சாமிக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு. தப்பாக் கேட்டு எழுதுன பேருதான் அவனைக் காப்பாத்துச்சு, பாத்துக்கோங்க! பரிசக்காரவுகளுக்கு ராசாவே ஆளனுப்புனாரு.

குபேந்திரன் கம்பெனிய இழுத்து மூடியாச்சு. "ஒம் மேப்புல இருக்குற அத்தனை ஊருக்கும் நீயே நடந்து போயி, வாயால கேட்டு, பேரு சரியான்னு பாத்துட்டு வா. போனைத் தொடக்கூடாது"ன்னுட்டாரு ராசா.

இன்னும் நடக்குறானாம். ஆருகிட்ட வழி கேட்டாலும் தலையைக்கூடத் தூக்காம, "போனைப் பாருய்யா"ன்னுட்டுப் போறாகளாம்.

அம்புட்டுதான். கேட்டவுகளுக்குத் தூக்கம், சொன்னவளுக்கு வெத்தலை.