சுற்றிவந்து எடுத்த அறுபது படங்கள்

குரு என்றால் தாடி வளர்த்திருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கோயம்புத்தூர் கணபதியில், ஒரு இரும்புக்கடையின் மாடியில் ஒரு குரு இருந்தார். பெயர் ஷமீமா, வயது முப்பத்து நாலு. ஆறு த்ரீடி பிரிண்டர்களை வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பார்.

சிஷ்யருக்கு வயது அறுபத்து மூன்று. பெயர் பொன்னுரங்கம். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடப் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியையெல்லாம் அவர்தான் கேட்பார்.

"இது எப்படிங்க டீச்சர் வேலை செய்யுது?"

"வீட்டுல சந்தகை, இடியாப்பம் பிழிவீங்களா?"

"பிழிவோமுங்க."

"அதே கதைதான். மாவுக்குப் பதிலா பிளாஸ்டிக் நூல். மெஷினோட மூக்குல சூடு இருக்கு. நூல் அதுல உருகி மெலிசா இறங்கும். கோடு பக்கத்துல கோடு போட்டா ஒரு அடுக்கு. அது மேல இன்னொரு அடுக்கு. கீழே இருந்து மேலே இப்படியே வளரும்."

"அந்தரத்துல பிழிய முடியுங்களா?"

"முடியாதுங்க, தொங்கிடும். மூக்கு, மோவாய்னு நீட்டிட்டு இருக்கிற இடத்துக்கு அடியில முட்டுக் கொடுத்துப் பிழியணும். முடிஞ்சதும் அதை ஒடிச்சு எடுத்துடலாம்."

"எந்த அடுக்குல எங்கே பிழியோணும்னு அதுக்கு யாருங்க சொல்லுவா?"

"கம்ப்யூட்டர். முழு உருவத்தைக் கொடுத்தா, தக்காளி அரியற மாதிரி வட்ட வட்டமா அரிஞ்சு மெஷினுக்குக் கொடுத்துடும். ஆனா முழு உருவம் வேணுங்க. அது இல்லைன்னா எதுவும் இல்லை."

நாலாவது சனிக்கிழமை, பிள்ளைகள் எல்லாம் இறங்கிப் போன பிறகும் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். பர்ஸுக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். கல்லூரி அடையாள அட்டையிலிருந்து பிய்த்த போட்டோ, ஓரத்தில் பாதி முத்திரை.

"இந்தப் புள்ளையோட தலையை எடுக்க முடியுங்களா டீச்சர்?"

"யாருங்க இது?"

"மக. வெண்ணிலா."

"எங்கே இருக்காங்க?"

"பொள்ளாச்சியில."

"ஒரு மணி நேரம் பஸ்ஸு."

"ம்," என்றார் பொன்னுரங்கம்.

ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க அவருக்கு ஏழு வருஷமாக முடியவில்லை. வெண்ணிலா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது, "இனி இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொன்ன வாய் அது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வீம்பு விடுமா? தினம் சாயங்காலம் மனைவி சமையல்கட்டில் நின்று மகளோடு போனில் பேசுவாள். பாவி மனுஷன் ஹாலில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்பார். மனைவி வெளியே வந்ததும் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அவளுக்கும் அது தெரியும்.

ஷமீமா போட்டோவை ஸ்கேன் செய்து மெஷினை ஓட விட்டார். கர்ர் கர்ர் என்று நாலு நிமிஷம் ஓடி நின்றுவிட்டது.

"கரண்ட் போயிருச்சுங்களா?"

"இல்லைங்க. முடிஞ்சுது."

தகட்டிலிருந்து உரித்து அவர் கையில் கொடுத்தார். வெங்காயத் தோல் கனத்தில் ஒரு முகம். பொன்னுரங்கம் திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் வழவழவென்று ஒன்றுமில்லை.

"போட்டோவுக்கு ஒரு அடுக்குதாங்க உயரம். உங்க உள்ளங்கையில வைக்கிற அளவு தலைக்கு நானூறு அடுக்கு வேணும்."

"பின்பக்கம் கம்ப்யூட்டரே போட்டுக்காதுங்களா?"

"போட்டுக்கும், யூகிச்சு. யாரோ ஒருத்தரோட பின்னந்தலையா இருக்கும்."

"அவளுக்கு ரெட்டைச் சுழிங்க டீச்சர். ஆறாங்கிளாஸ் வரைக்கும் நாந்தான் தலை சீவி விட்டேன்," என்றார்.

"அப்போ அவங்களை ஒரு நாற்காலியில உக்கார வைங்க. அவங்க ஆடக்கூடாது, நீங்கதான் சுத்தணும். மோவாய் மட்டத்துல ஒரு சுத்து, கண் மட்டத்துல ஒண்ணு, தலைக்கு மேல ஒண்ணு. மொத்தம் அறுபது போட்டோ. எல்லாப் பக்கமும் தெரிஞ்சாத்தான் கம்ப்யூட்டர் உருவத்தைக் கட்டும்."

"நீங்க போய் எடுத்துட்டு வர முடியுங்களா?"

"வகுப்புக்குப் பேர் கொடுத்தது நீங்களா, நானா?"

அடுத்த இரண்டு சனிக்கிழமை பொன்னுரங்கம் வகுப்புக்கு வரவில்லை. முதல் வாரம் உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார். இரண்டாவது வாரம் பஸ் ஏறிவிட்டார்.

வெண்ணிலாதான் கதவைத் திறந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். "வா" என்று அவளும் சொல்லவில்லை, "நல்லாயிருக்கியா" என்று இவரும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தார். எல்லாம் எங்கே போனதோ, வாயில் வந்தது இதுதான்:

"ஆடாம உக்காரு கண்ணு. அறுபது போட்டோ எடுக்கோணும்."

ஏழு வருஷத்துக்கு அப்புறம் ஒரு அப்பன் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவள் எதற்கு என்று கேட்கவில்லை. ஹாலுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் சுற்றினார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டதில் போன் திரையில் என்ன விழுகிறது என்றே தெரியவில்லை. எண்ணிக்கை மட்டும் தப்பவில்லை. நடுவில் நாலைந்து தடவை "ஆடாதே" என்றார்.

அறுபது முடிந்ததும் "வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அவள் காபி டம்ளரோடு வாசல் கேட் வரைக்கும் வந்தாள். குடித்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து, பஸ் வந்துவிடும் என்று நடந்துவிட்டார்.

அதற்கடுத்த சனிக்கிழமை போனை ஷமீமாவிடம் கொடுத்தார். ஷமீமா படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அது வெகுநேரம் யோசித்துவிட்டு, மூஞ்சியும் இல்லாமல் முதுகும் இல்லாமல் ஒரு சாம்பல் கட்டியைக் காட்டியது.

"உருவம் சேரலைங்க ஐயா."

"எண்ணி எடுத்தேனுங்களே. அறுபது இருக்குது."

"அறுபதும் இருக்கு," என்று ஷமீமா ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினார். "முதல் படத்துல அவங்களுக்குப் பின்னாடி ஜன்னல். இதுல காலண்டர். இதுல பிரிட்ஜ். இதுல வாசல். நீங்க நல்லாத்தான் சுத்தி வந்திருக்கீங்க."

"அப்புறம் என்னங்க?"

"முகத்தைப் பாருங்க."

பொன்னுரங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஜன்னல் மாறியது, காலண்டர் மாறியது. முகம் மட்டும் எல்லாவற்றிலும் நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பின்னந்தலை ஒண்ணுலகூட இல்லை. நீங்க எந்தப் பக்கம் போனீங்களோ, அந்தப் பக்கமே திரும்பியிருக்காங்க."

கீழே இரும்புக்கடையில் யாரோ கம்பியை இறக்கும் சத்தம் கேட்டது. பொன்னுரங்கம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு முதல் படத்திலிருந்து பார்த்தார். பார்த்து முடிக்க நேரமானது.

"மறுபடி போய் எடுத்துட்டு வரட்டுங்களா டீச்சர்?"

"போங்கய்யா," என்றார் ஷமீமா. "போனை இங்கேயே வெச்சுட்டுப் போங்க."