ஊனா கொடுத்த மெட்டு

கார்மாக் டெவானி பத்தொன்பது வயதில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி சிகாகோவுக்கு வந்தவர். ரயில்வே சரக்குக் கிடங்கில் நாற்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் தன் நாட்டின் பழைய மெட்டுகளையும் பழைய புத்தகங்களையும் சேர்த்தார்.

அயர்லாந்துக்காரர் யாராவது புதிதாக வந்திருக்கிறார் என்று காதில் விழுந்தால் போதும். மறுநாளே நோட்டும் பென்சிலுமாகப் போய் நிற்பார். "உங்கள் பக்கத்தில் என்ன வாசிப்பார்கள்?" என்று கேட்பார். ஒவ்வொரு மெட்டின் கீழும் யாரிடம் கற்றது என்று பெயர் எழுதி வைப்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, இறந்தவர் புத்தகம் ஏதும் வைத்திருந்தாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டுவிடுவார். இப்படிச் சேர்ந்தது மூவாயிரம் மெட்டு, ஆயிரத்துச் சொச்சம் புத்தகம். மாடியில் இருந்த அவருடைய இரண்டு அறைகளில் கட்டிலுக்கு மட்டுமே இடம் பாக்கி.

எழுபது நெருங்கியபோது பயம் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் தெருவில் ஒரு மரவீடு எரிந்து சாம்பலானது. அன்றிலிருந்து ரொட்டி வாங்கப் போனாலும் பாதி வழியில் திரும்பி வந்து அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். யாருக்கும் புத்தகம் இரவல் தருவதில்லை. பிடிலைத் தொட்டே மூன்று வருஷம் ஆகிவிட்டது. வாசிக்கிற நேரத்தில் எல்லா நோட்டுகளுக்கும் இன்னொரு பிரதி எழுதிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பிடில் சொல்லிக்கொடுத்தவர் ஊனா கெராட்டி. ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்தவர். கார்மாக்கைவிடப் பதினோரு வயது இளையவர். ஆனாலும் கார்மாக் அவர் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்.

ஊனா காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியவந்தது. கார்மாக் வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தார்.

"ஊனா, உங்களிடம் இன்னும் ஒரு மெட்டு இருக்கிறது."

"இருக்கிறது."

"கரையில் ஊரார் கடற்பாசி அள்ளும்போது உங்கள் அப்பா வாசித்தது. இருபது வருஷமாகக் கேட்கிறேன்."

"ஆமாம்."

"இப்படிக் கேட்பது தப்புதான். ஆனால் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதுவும் போய்விடும். வேறு யாருக்கும் தெரியாது."

"கொடுத்தால் என்ன செய்வீர்கள்?"

"பத்திரமாக வைப்பேன்."

ஊனா எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். பிடிலை எடுத்தார். கார்மாக்கின் கை சட்டைப்பையில் இருந்த நோட்டுக்குப் போனது.

"எழுதக் கூடாது" என்றார் ஊனா. "கேட்டுக்கொண்டு போங்கள். அடுத்த ஞாயிறு வந்து வாசித்துக் காட்டுங்கள்."

"மறந்துபோனால்?"

ஊனா வில்லை எடுத்து வாசித்தார். மூன்று தரம் வாசித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

கார்மாக் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். டிராமில் யாரோ பேச்சுக் கொடுத்தார்கள், அவர் காதைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பிடிலை இறக்கினார். ஒரு தந்தி அறுந்திருந்தது. புதுத் தந்தி வாங்கிக் கட்டி வாசிக்கத் தொடங்கினார். திங்கட்கிழமை மெட்டு முழுதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டாம் பகுதியில் ஓரிடம் நழுவியது.

கீழ்வீட்டில் ஹலீனா என்ற போலந்துக்கார அம்மாள் இருந்தாள். ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கிற வேலை. பத்து வருஷமாக அக்கம்பக்கம் இருந்தும் கார்மாக் அவளிடம் பத்து வார்த்தை பேசியதில்லை. அன்று கதவைத் தட்டினார்.

"ஒரு உதவி. நான் வாசிப்பதைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ள முடியுமா? எனக்கு மறந்தால் உங்களிடம் கேட்பேன்."

"மேலே இரண்டு நாளாகக் கேட்கிறதே, அதுதானே?" என்றவள், அங்கேயே நின்று முழுவதையும் பாடிக் காட்டினாள்.

கார்மாக்குக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் ஒரு ஆளை நம்பி இருக்க முடியுமா? முடிவெட்டுகிறவரிடம் போய் வாசித்தார். ரொட்டிக்கடையில் வாசித்தார். வெள்ளிக்கிழமை நான்கு தெரு தள்ளி ஒரு கல்யாண வீட்டுக்கு, யாரும் கூப்பிடாமலேயே போய் வாசித்தார். அங்கே ஆடவே தொடங்கிவிட்டார்கள். வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்பது திரும்பி வரும்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊனாவின் கட்டிலருகே நின்று வாசித்தார். முதல் பகுதி சரியாக வந்தது. இரண்டாம் பகுதியின் நடுவில் வில் நின்றுவிட்டது.

"மறந்தால் கேட்கலாம் என்று கீழ்வீட்டு ஹலீனாவின் கதவைத் தட்டி வாசித்துக் காட்டினேன். இங்கே அவள் மேலே ஏற்றிப் பாடுகிறாள். எனக்குக் கீழே இறங்குகிறது. எது சரி, ஊனா?"

அவர் தன் பிடிலை ஊனாவிடம் நீட்டினார்.

"இன்னொரு தரம் வாசியுங்கள். ஒரே தரம் போதும்."

ஊனா போர்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்துக் காட்டினார். விரல்கள் காய்ச்சலில் வீங்கி மடங்காமல் இருந்தன.

"அப்படியானால் பாடிக் காட்டுங்கள்."

"அது எனக்கு விரலில்தான் இருந்தது, கார்மாக். பாட்டாக ஒருநாளும் இருந்ததில்லை. விரல் ஓடாமல் எது சரி என்று எனக்கே தெரியாது."

கார்மாக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தொலைத்துவிட்டேன்" என்றார். "மூவாயிரத்தைக் காப்பாற்றினேன். இந்த ஒன்றைத் தொலைத்துவிட்டேன். அன்றைக்கே எழுத விட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது."

"எழுதியிருந்தால் ஹலீனா வீட்டுக் கதவைத் தட்டியிருப்பீர்களா?"

பிடிலைப் பெட்டியில் வைக்கப் போனவரை ஊனா விடவில்லை.

"ஹலீனா இன்றைக்கு எத்தனை மணிக்கு வேலைக்குப் போவாள்?"

"மூன்று மணிக்கு."

ஊனா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டேகால்.

"உடனே போங்கள்" என்றார். "அவள் பாடப் பாட எழுதிக்கொள்ளுங்கள். யாரிடம் கற்றது என்று எழுதுவீர்களே, அங்கே அவள் பெயரைப் போடுங்கள்."