மணி கட்டிய கொட்டகை

"இந்த அஞ்சலையை வச்சுக்கிட்டு ஒரு வேலையும் ஆகாது. இன்னிக்கே அனுப்பணும்!"

தானே எழுதிவந்த வேலைநீக்கக் கடிதத்தை ஃபாத்திமுத்துவின் முன்னால் வீசினார் அருமைநாயகம்.

பெரிய இன்ஜினீயர். ஐம்பது வயதில், பழைய வாஷிங் மெஷின் பிரிக்கக் கற்றுக்கொள்ள, கொட்டகை நடத்தும் ஃபாத்திமுத்துவிடம் வந்தவர். அவள் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

கற்க வந்தவர் சும்மா இருந்தாரா? மூன்றாம் நாளே கொட்டகையில் ஒரு மணியைக் கட்டிவிட்டார். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அடிக்கும். அடித்ததும், முடிந்ததோ இல்லையோ, மெஷினை அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும்.

முதல் மேசை பின்தகட்டைக் கழற்றும். இரண்டாவது மோட்டாரை எடுக்கும். மிச்சமெல்லாம் கடைசி மேசை அஞ்சலைக்கு. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் மூன்று பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

"ரெண்டு மேசை மணிக்குச் சரியா முடிக்குது. இவகிட்ட மட்டும் மலையாக் குவியுது. சோம்பேறி!"

ஃபாத்திமுத்து கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.

"அஞ்சலை இன்னிக்கு ஓய்வெடுக்கட்டும். அவ மேசையில நீங்க உட்காருங்க சார்."

"இதென்ன பிரமாதம்!"

முதல் மெஷின் வந்தது. முதல் மேசை கழற்றியிருக்க வேண்டிய பின்தகடுகூட அப்படியே இருந்தது. கம்பெனி கொடுத்த படத்தில் ஆறு திருகாணி. இதிலோ இரண்டு திருகாணி, மூன்று ஆணி, மீதியில் கல்லாய் இறுகின பசை.

"எந்த மடையன் இதுல ஆணி அடிச்சான்?"

"யாரைக் கேக்குறது சார்? பத்து வீடு பார்த்த மெஷின்."

மணி அடித்தது. இரண்டாவது வந்தது. அதன் உள்ளே, இன்னும் எடுக்காத மோட்டாரை எவனோ கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான். கத்தி வழுக்கி விரலைக் கிழித்தது.

மணி. மூன்றாவது.

மணி. நான்காவது வந்து அவர் முழங்கையில் இடித்தது. பொறுக்க முடியவில்லை மனிதருக்கு.

"யோவ் காத்தவராயா! இங்க ஒண்ணே முடியல, நீங்க பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே இருக்கீங்க. கண்ணு அவிஞ்சா போச்சு? எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?"

"மணி அடிச்சிருச்சே சார்," என்றான் இரண்டாம் மேசைக் காத்தவராயன்.

"அறிவுகெட்ட மணி! எவன்யா இதைக் கட்டினது?"

கொட்டகையில் எல்லாக் கண்களும் அவர் பக்கம் திரும்பின.

ஃபாத்திமுத்து இடுப்பிலிருந்த கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். பேனாவையும் சேர்த்து அவர் முன்னால் வைத்தாள்.

"பேரை மட்டும் மாத்திடுங்க சார்."