முதல் சொட்டு

ஹங்கேரியில் ஒரு பண்ணை. பண்ணையார் கால்மான் அறுவடை இனாமாகக் கொடுத்த ப்ளம் சாராயத்தைக் குடித்த கூலியாள் கெர்கேய்க்கு இரண்டு கண்ணும் போயிற்று.

சாராயம் காய்ச்சுமிடத்தில் வேலை பார்த்த அவன் மனைவி பிரோஷ்கா, கொடுத்தது முதலில் வடிந்த சாராயம் என்று சொல்லி நியாயம் கேட்டாள். "முதலில் வடிந்தால் என்ன, கடைசியில் வடிந்தால் என்ன, எல்லாம் ஒரே சாராயம்தான். அளவு தெரியாமல் குடித்தான். இல்லையென்று நிரூபி, முடியாவிட்டால் குடிசையைக் காலி பண்ணு!" என்றார் கால்மான்.

அடுத்துக் காய்ச்சிய நாளில், செப்புக் கொப்பரைக் குழாயில் முதலில் சொட்டியதைக் கோப்பையில் பிடித்து, விருந்தாளிகள் முன்னால் அவரிடம் நீட்டினாள். "முதல் வாய் எஜமானுக்குத்தான்."

அவர் பதறித் தட்டிவிட்டார். "மூதேவி! முதல் சொட்டு விஷமடி, கண்ணைப் பறித்துவிடும்!"

"போன வருஷமும் இதே கையால்தான் பிடித்தேன். 'கொட்டாதே, ஆட்களுக்கு ஆகும்' என்றீர்களே, எஜமான்?"

கூட்டம் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் வெளுத்ததைப் பார்க்கக் கெர்கேய்க்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.